சக்கரத் துருப்புக்காவியும் ஐந்து ஆட்டக்காரர்களும்: போர்ப் பாத்திர ஆட்டம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆடுவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளும் பகடையும் வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம், கதையை நகர்த்த ஒரு நடத்துநர். கதைக்களம் 1980களின் கடைசி. உண்மையில் மூளாமல் போன ஐரோப்பியப் போர் மூண்டிருந்தால் என்ற கற்பனை. இடம் போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரை. படைப்பிரிவு சிதறிப்போய்த் தனித்து நிற்கும் ஐந்து பேரும், அவர்கள் கையில் கிடைத்த பி.டி.ஆர்.-70 என்ற சோவியத் எட்டுச் சக்கரக் கவச வண்டியும்தான் கதை. மூன்று ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இதே மாதிரி ஆட்டம் தொடங்கும் நண்பர்கள் கவச வண்டி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

துருப்புக்காவி என்றால் சின்ன டாங்கிதானே?

இல்லை. இந்த எண்ணத்தோடு மேசைக்கு வந்தால் முதல் சண்டையிலேயே பாத்திரங்கள் செத்துப்போவார்கள். டாங்கி சண்டை போடுவதற்காகச் செய்தது. துருப்புக்காவி ஆட்களைச் சண்டை நடக்கும் இடத்தின் ஓரம் வரை கொண்டுபோய் இறக்கிவிடுவதற்காகச் செய்தது. பி.டி.ஆர். என்ற ரஷ்யப் பெயரே ‘கவசப் போக்குவரத்து வண்டி’ என்ற சொல்லின் சுருக்கம். வழியில் பறக்கும் குண்டுச் சிதறலையும் துப்பாக்கித் தோட்டாவையும் அது தடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஈழத்து வழக்கில் ‘துருப்புக்காவி’ என்கிறார்கள். ‘கவசப் பணியாளர் ஊர்தி’ போன்ற மொழிபெயர்ப்புகளைவிட இது நன்றாக இருக்கிறது. துருப்பைக் காவிச் செல்வது என்று வேலையையே பெயர் சொல்லிவிடுகிறது. எங்கள் மேசையில் இதைத்தான் புழங்குகிறோம்.

சங்கிலிப்பட்டை வண்டியை விட்டுவிட்டுச் சக்கர வண்டியை ஏன் எடுக்க வேண்டும்?

சேற்றிலும் ஆழமான பனியிலும் பட்டை வண்டிக்கு ஈடில்லை. ஆனால் பட்டை தேயும், அறுந்துபோகும். அறுந்தால் மாட்ட ஆள்பலமும் நேரமும் வேண்டும். பின்னால் பெரிய பட்டறை இருக்கும் படைக்கு அது சரிப்படும். உங்கள் ஆட்டத்தில் இருப்பது ஐந்து பேர். சக்கர வண்டி சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும். டீசலோ பெட்ரோலோ ஒப்புநோக்கக் குறைவாகவே குடிக்கும். இரவில் கிராமத்துக்குள் நுழையும்போது பட்டையின் கடகட சத்தம் ஊரையே எழுப்பாது. எட்டுச் சக்கரத்தில் ஒன்று போனாலும் ஓடும். ஊர் ஊராய்த் திரியும் கதைக்கு இதுதான் பொருத்தம்.

எந்த வண்டியில் தொடங்கலாம்? பி.டி.ஆர். என்று மூன்று நான்கு எண் இருக்கிறதே?

மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் குறையைத் தீர்க்க வந்தது என்பதால் அவற்றின் வரலாறே உங்களுக்கு விதிப்புத்தகம் ஆகிவிடும்.

பி.டி.ஆர்.-60 வந்தது 1960 வாக்கில். முதல் வடிவத்துக்கு மேற்கூரையே கிடையாது. அதற்கு முந்திய பி.டி.ஆர்.-152-ம் அப்படித்தான். 1956 ஹங்கேரிக் கிளர்ச்சியில் புடாபெஸ்ட் தெருக்களில் மாடியிலிருந்து கையெறி குண்டும் பெட்ரோல் பாட்டிலும் திறந்த வண்டிக்குள் விழுந்தபோதுதான் கூரையின் அருமை சோவியத் படைக்குப் புரிந்தது. அடுத்தடுத்து கூரை மூடிய வடிவமும், 1960களின் நடுவில் சிறு கோபுரம் வைத்த 60பி.பி. வடிவமும் வந்தன. எடை சுமார் 10 டன். பின்பக்கம் 90 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் இரண்டு.

இரண்டு இன்ஜின் என்பது ஆட்டத்துக்குக் கிடைத்த வரம். ஓர் இன்ஜின் முதல், மூன்றாம் அச்சுகளை ஓட்டும். மற்றது இரண்டாம், நான்காம் அச்சுகளை ஓட்டும். ஒன்று நின்றாலும் மற்றதை வைத்து மெல்ல ஊர்ந்து தப்பலாம். ஆனால் கார்புரேட்டர் முதல் கியர்பெட்டி வரை எல்லாம் இரண்டிரண்டு. எண்ணெயும் இரட்டிப்பு, சுத்தம் செய்வதும் இரட்டிப்பு. எங்கள் கதையில் மெக்கானிக் பாத்திரம் எடுத்தவர் முதல் இரண்டு மாதம் வேறு எதற்கும் பகடை உருட்டவில்லை.

பி.டி.ஆர்.-70-ல் இன்ஜின்கள் 120 குதிரைத்திறன் ஆயின. இவை காஸ்-66 லாரியில் வரும் வி8 குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், சாலையோரம் கவிழ்ந்து கிடக்கும் லாரியும் உங்கள் ஆட்டக்காரர்களுக்குப் புதையல்தான். இதிலும் பெட்ரோல்தான், இரட்டை இன்ஜின்தான். ஆப்கானிஸ்தானின் வெயிலிலும் மலையேற்றத்திலும் இவை சூடேறித் திணறின. துப்பாக்கியை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த முடியாததால், மலை உச்சியிலிருந்து சுடுபவர்களுக்குத் திருப்பிச் சுடவும் வழியில்லை.

அந்தப் பாடத்தில் பிறந்தது 1980களின் நடுவில் வந்த பி.டி.ஆர்.-80. ஒரே இன்ஜின்: 260 குதிரைத்திறன் காமாஸ் டர்போ டீசல். துப்பாக்கி 60 டிகிரி வரை உயரும். எடை 13.6 டன். இதுதான் மூன்றிலும் சிறந்தது. ஆனாலும் புதியவர்களுக்கு நான் 70-ஐத்தான் கொடுப்பேன். 80-ஐக் கொடுத்தால் வண்டி சொன்னபடி ஓடிவிடுகிறது. 70-ல் ஒவ்வொரு காலையும் ‘இன்று இரண்டாவது இன்ஜின் கிளம்புமா’ என்ற கேள்வியோடு விடிகிறது. கதை அங்கேதான் நகர்கிறது.

எப்போது பேசினாலும் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏன்?

துருப்புக்காவியில் மனிதர்கள் சாகிற இடம் பெரும்பாலும் கதவு என்பதால். ஆட்ட விதிப்புத்தகங்கள் கவசத்துக்கு எண் கொடுக்கின்றன, வேகத்துக்கு எண் கொடுக்கின்றன. கதவுக்கு எண் கொடுப்பதில்லை. நான் கொடுக்கிறேன்.

60, 70, 80 மூன்றிலும் இன்ஜின் பின்னால் இருக்கிறது. அதனால் பின்கதவு வைக்க இடமில்லை. 60பி.பி.யில் பெரும்பாலும் கூரைத் திறப்பு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். சுட்டுக்கொண்டிருக்கும் எதிரியின் கண்முன்னே, இரண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில், முதுகில் மூட்டையோடு எழுந்து நின்று, குதிக்க வேண்டும். 70-ல் இரண்டாம் மூன்றாம் சக்கரங்களுக்கு நடுவே, பக்கத்துக்கொன்றாகச் சிறிய கதவு வைத்தார்கள். தாழ்வானது, குறுகலானது, தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் பின்சக்கரம் பக்கத்திலேயே வருகிறது. 80-ல்தான் ஒழுங்கான பக்கக் கதவு வந்தது. மேல்பாதி முன்பக்கமாகத் திறந்து சிறு கேடயம்போல் நிற்கும். கீழ்பாதி கீழே மடிந்து படிக்கட்டு ஆகும். மெதுவாக ஓடும்போதே இறங்கலாம், அதுவும் எதிரி இல்லாத பக்கமாக.

மேற்கத்திய வண்டிகளான ஃபுக்ஸ், எல்.ஏ.வி.-25 போன்றவற்றில் இன்ஜின் முன்புறம். ஆகவே பின்னால் அகலமான இரட்டைக் கதவு. வண்டியே சுவராக முன்னால் நிற்க, அதன் மறைவில் இறங்கலாம்.

எங்கள் மேசை விதி இதுதான். ஒரு சுற்று ஐந்து நொடி. 60-லிருந்து ஒரு சுற்றில் இரண்டு பேர் இறங்கலாம், இருவரும் முழுக்க வெளிப்பட்டவர்கள். 70-ல் பக்கத்துக்கு ஒருவர். 80-ல் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பேர். பின்கதவு வண்டியில் நான்கு பேர், பாதி மறைவோடு. இது இராணுவ அளவீடு அல்ல, மேசையில் ஆடிப் பார்த்து நான் வகுத்துக்கொண்டது. இந்த ஒரு விதியைச் சேர்த்த பிறகு எங்கள் ஆட்டக்காரர்கள் வண்டியை நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் வாதாடத் தொடங்கினார்கள். உண்மையான சிப்பாயும் அதைத்தான் செய்வான்.

கோபுரத்துச் சுடுநரை மறக்காதீர்கள். 60பி.பி., 70 இரண்டிலும் கோபுரத்தின் மேல் தனித் திறப்பு கிடையாது. அவர் உள்ளே இறங்கி, மற்றவர்கள் போன வழியில்தான் வர வேண்டும். வண்டி தீப்பிடித்தால் கடைசியாக வெளிவருபவர் பெரும்பாலும் அவரே.

கவசம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

பக்கவாட்டு எஃகுத் தகடு 10 மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரணத் துப்பாக்கித் தோட்டா, பீரங்கிக் குண்டின் சிறு சிதறல், இவை நிற்கும். கனரக இயந்திரத் துப்பாக்கி பக்கவாட்டில் நெருங்கிச் சுட்டால் நிற்காது. ஆர்.பி.ஜி.-7 போன்ற தோளில் வைத்துச் சுடும் எறிகணை 200 மில்லிமீட்டருக்கும் மேல் எஃகைத் துளைக்கும். அதன் முன் இந்தத் தகட்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பட்டால் துளைக்குமா என்று பகடை போடாதீர்கள். பட்டதா என்று போடுங்கள். பட்டுவிட்டால் எங்கே பட்டது என்று போடுங்கள்.

நான் பத்துமுகப் பகடை உருட்டுவேன். 1, 2 வந்தால் முன்பக்கம்: ஓட்டுநரும் தளபதியும். 3 கோபுரம். 4 முதல் 7 வரை ஆட்கள் உட்காரும் இடம். 8, 9 இன்ஜின். 10 சக்கரம். ஆட்கள் பகுதியில் பட்டாலும் எல்லாரும் செத்ததாக எண்ண வேண்டாம். துளைத்து வரும் உலோகத் தாரை போகும் நேர்கோட்டில் இருப்பவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சண்டைக்கு முன்பே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் நேர்மையான பதில் வராது.

கோபுரத்துத் துப்பாக்கி எவ்வளவு வலிமை? ஆட்டத்தைக் கெடுத்துவிடுமா?

60பி.பி. முதல் 80 வரை ஒரே துப்பாக்கிதான்: 14.5 மிமீ கே.பி.வி.டி. அதன் பக்கத்தில் 7.62 மிமீ பி.கே.டி. பெரிய துப்பாக்கி இன்னொரு பி.டி.ஆர். வண்டியைத் துளைத்துவிடும். செங்கல் சுவரும் அதற்குத் தடையில்லை. ஆகவே வலிமை பெரிதுதான். கெடுக்காமல் காப்பது தோட்டாக் கணக்கு.

வண்டியில் முழு இருப்பு 500 தோட்டா, 50 தோட்டா கொண்ட பெல்ட் பத்து. துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 சுடும். அதாவது விசையை விடாமல் அழுத்தினால் ஒரு பெல்ட் ஐந்தே நொடியில் தீரும், மொத்த இருப்பும் 50 நொடியில் முடியும். 14.5 மிமீ தோட்டா சிதறிப்போன படை கையில் எளிதாகக் கிடைக்கும் சரக்கு அல்ல. எங்கள் கதையில் இப்போது மீதம் மூன்று பெல்ட். அந்த எண்ணைத் தாளின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: கோபுரத்தைத் திருப்புவது கையால், கைப்பிடியைச் சுற்றி. ஓடும் வண்டியிலிருந்து குறி வைப்பது மிகக் கடினம். அமெரிக்க எல்.ஏ.வி.-25-ன் 25 மிமீ பீரங்கிக்கோ இயந்திர விசையால் திரும்பும் கோபுரம் உண்டு. இந்த வேறுபாட்டை விதியில் காட்டுங்கள்: கைச்சுற்றுக் கோபுரத்துக்குப் பின்பக்கம் திரும்ப இரண்டு சுற்று ஆகட்டும்.

படங்களில் சிப்பாய்கள் வண்டிக்குள் உட்காராமல் மேலே உட்கார்ந்து போகிறார்களே?

ஆப்கானிஸ்தானிலும் பிறகு செச்னியாவிலும் எடுத்த எத்தனையோ படங்களில் இதைப் பார்க்கலாம். அறியாமையால் செய்தது அல்ல. அடியில் கண்ணிவெடி வெடித்தால் தட்டையான அடித்தளம் அதிர்ச்சியை நேராக உள்ளே அனுப்புகிறது. மூடிய பெட்டிக்குள் இருப்பவர் பிழைப்பது அரிது. மேலே இருப்பவர் தூக்கி எறியப்பட்டாலும் உயிர் தப்ப வாய்ப்புண்டு. மேலே இருந்தால் சுற்றிலும் பார்க்கலாம், நொடியில் குதிக்கலாம். விலை: ஒளிந்திருந்து சுடும் ஒற்றைத் துப்பாக்கிக்கும் அவர்கள் இலக்கு.

இதைவிட நல்ல ஆட்டத் தேர்வு கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கேளுங்கள்: உள்ளேயா, மேலேயா? சரியான விடை கிடையாது. இன்றைய சாலையில் கண்ணிவெடி அதிகமா, குறிபார்த்துச் சுடுபவர் அதிகமா என்று அவர்களே உளவு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றை எப்படிக் கடப்பது? நீந்தும் என்கிறார்களே, நேராக இறங்கிவிடலாமா?

நீந்தும். ஆனால் முன்தயாரிப்பு வேண்டும். முன்பக்கம் மடங்கியிருக்கும் அலைத்தடுப்புத் தகட்டை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மூக்குக்கு மேல் தண்ணீர் ஏறும். உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் பம்ப் ஓட வேண்டும். அடித்தளத்து மூடிகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா, தோட்டா துளைத்த ஓட்டை ஏதும் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் நீர்த்தாரை உந்தியின் மூடியைத் திறக்க வேண்டும். அதன்பிறகு மணிக்கு 9 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 9 கிமீ என்றால் நொடிக்கு 2.5 மீட்டர். ஆற்றின் அகலம் 200 மீட்டர் என்று வையுங்கள்: 80 நொடி. நீரோட்டம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், நேரே மூக்கை வைத்து ஓட்டினாலும் 80 மீட்டர் கீழே தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஆகவே எதிர்க்கரையில் ஏற நினைத்த சரிவில் ஏற முடியாது. அங்கே மூன்றடிச் செங்குத்துக் கரையோ வேர்க்காடோ இருந்தால் தண்ணீரில் மிதந்தபடி இடம் தேட வேண்டும். நீந்தும் வண்டிகள் மாட்டிக்கொள்வது நடு ஆற்றில் அல்ல, வெளியேறும் கரையில். முன்சக்கரம் மண்ணைத் தொடும், பின்பக்கம் இன்னும் மிதக்கும், சக்கரம் சேற்றில் சுழலும். முன்னால் இருக்கும் வின்ச் கயிற்றைக் கரையில் உள்ள மரத்தில் கட்ட யாராவது ஒருவர் குதித்து நீந்த வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் விஸ்துலாவைக் கடந்த இரவு நான்கு மணி நேரம் போனது. முக்கால்வாசி நேரம் தயாரிப்பு. பழைய தோட்டா ஓட்டைகளை மரக்கட்டையும் கிரீஸ் தோய்த்த துணியும் வைத்து அடைத்தார்கள். துப்பாக்கி ஒரு முறைகூட வெடிக்கவில்லை. மூன்று ஆண்டில் அதைவிடப் பதற்றமான இரவு வரவில்லை. 80 நொடியை எட்டுப் பகடை வீச்சாகப் பிரித்து, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு ஆபத்து வையுங்கள்: பம்ப் நிற்கிறது, மிதந்து வரும் மரம் இடிக்கிறது, எதிர்க்கரையில் தீக்குச்சி வெளிச்சம் தெரிகிறது.

எரிபொருள், டயர், பழுது: எவ்வளவு தூரம் கணக்குப் பார்ப்பது?

எரிபொருளை மட்டும் கறாராகப் பாருங்கள். பி.டி.ஆர்.-80-ன் டாங்க் 300 லிட்டர், சாலையில் 600 கிமீ. அதாவது 20 லிட்டர் கேன் ஒன்று 40 கிமீ. காட்டுப் பாதையில் அதைப் பாதியாக்குங்கள். பெட்ரோல் வண்டிகள் இன்னும் கூடக் குடிக்கும். பண்ணை டிராக்டரின் டீசலை 80 குடிக்கும், 70 குடிக்காது. இந்த வேறுபாடு ஒரு முழுக் கதையையே திசை திருப்பும்.

டயர் விஷயத்தில் பி.டி.ஆர். வண்டிகளுக்கு அழகான ஏற்பாடு உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே எல்லாச் சக்கரத்தின் காற்றையும் கூட்டலாம், குறைக்கலாம். மணலுக்கும் சேற்றுக்கும் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். சிறு ஓட்டை விழுந்தால் கம்ப்ரெஸர் தொடர்ந்து காற்றை நிரப்பி ஈடுகட்டும். கம்ப்ரெஸர் கெட்டால்தான் அதன் மதிப்பு தெரியும்.

சோவியத் வண்டி வேண்டாம் என்றால்?

போலந்துக் கதைக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது ஓ.டி.-64 ஸ்கோட். செக்கோஸ்லோவாக்கியாவும் போலந்தும் சேர்ந்து செய்தது. லூப்ளின் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து 1963 முதல் வெளிவந்தது. பி.டி.ஆர்.-60-ஐ எடுத்துக்கொள்ளாமல் இவர்கள் தனியே செய்த வண்டி பல வகையில் அதைவிடச் சிறந்தது: டட்ரா டீசல் இன்ஜின், பின்னால் ஒழுங்கான இரட்டைக் கதவு, எட்டுச் சக்கரம், நீந்தவும் செய்யும். இன்ஜின் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துபோகும் போலந்துக் குளிர்காலத்தில் அது எவ்வளவு நிம்மதி என்று மெக்கானிக் பாத்திரத்தைக் கேளுங்கள்.

மேற்குத் தரப்பில் மேற்கு ஜெர்மனியின் ஃபுக்ஸ், 1979 முதல். ஆறு சக்கரம், 320 குதிரைத்திறன், 10 பேர் உட்காரலாம், நீந்தும். இதன் ஒரு வடிவம் அணுக் கதிர்வீச்சையும் வேதி நச்சையும் கண்டறியும் ஆய்வு வண்டி. நச்சுப் பகுதிகள் வரும் கதை என்றால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. பிரான்சின் வாப் நான்கு சக்கர வண்டி, 1976 முதல், எளிமையானது. பிரிட்டனின் சாக்சன் பெட்ஃபோர்ட் லாரியின் உறுப்புகளில் எழுப்பியது. நீந்தாது, சாலையை விட்டால் சிரமம். ஆனால் லாரி மெக்கானிக் எவரும் பழுது பார்க்கலாம். அமெரிக்க மரைன் படையின் எல்.ஏ.வி.-25 சுவிட்சர்லாந்தின் பிரான்யா வடிவமைப்பில் கனடாவில் கட்டியது. வேகமும் 25 மிமீ பீரங்கியும் இருப்பதால் ஆட்டக்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள். முதல் கதைக்குக் கொடுக்காதீர்கள். எல்லாச் சிக்கலையும் பீரங்கியால் தீர்க்கப் பழகிவிடுவார்கள்.

கண்ணிவெடிக்கென்றே செய்த வண்டிகளைச் சேர்க்கலாமா?

கதை தென்னாப்பிரிக்காவிலோ நமீபிய எல்லையிலோ நடந்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும். 1970களில் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் வளர்ந்த யோசனை இது: அடித்தளத்தை ஆங்கில ‘வி’ வடிவில், படகின் அடிபோல் செய்து, தரையிலிருந்து உயர்த்தி வைப்பது. வெடிப்பின் வேகம் இரண்டு பக்கமும் விலகிப்போகும். சக்கரமும் அச்சும் பிய்ந்து பறக்கும், பெட்டிக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்தவர்கள் பிழைப்பார்கள். காஸ்பிர் இந்த வகையில் பெயர்பெற்றது. இரண்டு பணியாளர், 12 சிப்பாய். இந்தியத் தரைப்படையும் இதை வாங்கிக் காஷ்மீரில் ஓட்டியது. இதன் குறை உயரம்: சரிவில் கவிழும், ஒளிக்க முடியாது.

இதே வகையில் யூனிமோக் லாரியின் அடிச்சட்டத்தில் கட்டியது பஃபல். மேலே திறந்தது, நடுவில் முதுகோடு முதுகாய்ப் பத்து இருக்கை. 1980களில் இலங்கை இராணுவம் இதை வாங்கியது. பிறகு உள்நாட்டிலேயே இதன் வழியில் யூனிபஃபல் என்ற வண்டியையும் செய்தது. ஈழத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ‘பவள்’. எங்கள் மேசையில் அப்படி ஒருவர் இருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் ஓடி விளக்கை அணைத்த பிள்ளைப்பருவம் அவருடையது. ஆகவே எங்கள் கதையில் பஃபல் வராது. உங்கள் மேசையிலும் முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள்: எந்தப் போர், எந்த வண்டி, எந்தச் சீருடை வேண்டாம் என்று. காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

2000-க்குப் பிந்திய கதை நடத்தினால் என்ன மாறும்?

எடை கூடும், நீச்சல் போகும். அமெரிக்காவின் ஸ்ட்ரைக்கர் நீந்தாது. 2003-ல் ஈராக்குக்குப் போனபோது ஆர்.பி.ஜி.யைத் தடுக்க அதைச் சுற்றி ஜன்னல் கம்பிபோல இரும்புக் கூண்டு மாட்டினார்கள். அதனால் எடையும் அகலமும் கூடின, குறுகிய தெருவில் திரும்புவது சிரமமானது. போலந்தே இன்று ஃபின்லாந்தின் பட்ரியா வண்டியை ரோசோமாக் என்ற பெயரில் கட்டுகிறது. அது ஆப்கானிஸ்தானிலும் ஓடியது. இரவுக் கேமரா, கணினித் திரை எல்லாம் வந்துவிடுவதால், ஆட்டக்காரர்களின் கண்ணைக் கட்டி வைப்பது நடத்துநருக்குக் கடினம். பழைய காலத்தை நான் விரும்புவதற்கு அதுவும் காரணம்.

ஆவடியில் இப்படி வண்டி செய்கிறார்களா?

ஆவடி கனரகத் தொழிற்சாலையின் பெயர் டாங்கிகளோடுதான் சேர்ந்தது: விஜயந்தா, டி-72, அர்ஜுன். எல்லாம் சங்கிலிப்பட்டை. எட்டுச் சக்கர இந்திய வண்டியை டாடாவோடு சேர்ந்து உருவாக்கியது அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்) உள்ள, இந்திய இராணுவ ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம், 2014-ல் கண்காட்சியில் வைத்தார்கள். நீந்தக்கூடியது. லடாக்கில் கதை அமைக்க நினைப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து பேரும் ஒரே வண்டிக்குள் இருந்தால் ஓட்டுநரும் சுடுநரும் மட்டும்தானே ஆடுவார்கள்? மற்றவர்கள் சும்மா இருப்பார்களே?

நடத்துநர்கள் பலர் கைவிடும் இடம் இது. உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிடுவதுதான் தவறு. பி.டி.ஆர்.க்குள் வெளிச்சம் குறைவு, சிறு கண்ணாடிக் கட்டைகள் வழியாகத் துண்டு துண்டாகத்தான் வெளியே தெரியும். நான் ஒவ்வொருவருக்கும் அவர் பக்கம் தெரிவதை மட்டும் தனித் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பேன். இடப்பக்கம் இருப்பவர் வேலிக்குப் பின்னால் ஓடும் இருவரைப் பார்க்கிறார். வலப்பக்கம் இருப்பவருக்குக் காலியான பழத்தோட்டம். தளபதிக்குச் சாலை வளைவு மட்டும். அவர்கள் கத்திச் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். இன்ஜின் சத்தத்தில் சொன்னது கேட்டதா என்று பகடை உருட்டச் சொல்வேன். பக்கவாட்டுத் துளைகள் வழியாகச் சுடுவது, காயம்பட்டவருக்குக் கட்டுப்போடுவது, பெல்ட் எடுத்துக் கொடுப்பது, வானொலி கேட்பது என்று வேலைக்குப் பஞ்சமில்லை.

வண்டி போய்விட்டால் கதை முடிந்ததா?

முடியாது. ஆனால் அதை அற்பமாகப் பறித்துவிடாதீர்கள். மாதக்கணக்காக எண்ணெய் ஊற்றி, ஓட்டை அடைத்து, பெயர் வைத்து வளர்த்த வண்டி அது. ஒரே பகடை வீச்சில் எரித்துவிட்டால் ஆட்டக்காரர் மனம் விட்டுப்போகும். எங்களிடம் ஒரு விதி: முதல் பெரிய அடி வண்டியை முடமாக்கும், அழிக்காது. அதன் பிறகு விட்டுவிட்டுப் போவதா, எதிரி நெருங்குவதற்குள் சரிசெய்வதா என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும்.

முதல் அமர்வுக்கு ஒரு தொடக்கக் காட்சி சொல்ல முடியுமா?

நான் தொடங்கிய காட்சியையே தருகிறேன். நவம்பர், விடியற்காலை, காட்டோரச் சாலை. பள்ளத்தில் மூக்கை நுழைத்தபடி பி.டி.ஆர்.-70 நிற்கிறது. பக்கக் கதவு ஒன்று திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. வலப்பக்க இன்ஜின் இன்னும் சூடாக இருக்கிறது, இடப்பக்கத்தது சில்லிட்டிருக்கிறது. டாங்கில் கால்வாசி பெட்ரோல். ஓட்டுநர் இருக்கைமேல் பாதி தின்ற ரொட்டி. கதவிலிருந்து காட்டுக்குள் போகும் காலடித்தடம் எட்டு ஆட்களுடையது. திரும்பி வந்த தடம் ஒன்றுதான், அதுவும் சாலை வரை வந்து நின்றுவிடுகிறது. தூரத்தில் லாரி வரும் சத்தம் கேட்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பகடையை மேசை நடுவில் வைத்து, யார் முதலில் உள்ளே ஏறுகிறீர்கள் என்று கேளுங்கள்.